நடைக்கும் ஒரு கணக்கு உண்டு

ஆசிரியத் தொழிலில் ஒரு விசேடம் உண்டு. நாம் செய்த பிழைகளை நாம் மறந்துவிட்டாலும் அவை நம்மை மறப்பதில்லை. என்றோ ஒரு நாள் நம் வீட்டை விசாரித்துக்கொண்டு வந்து சேர்ந்துவிடும். சென்ற மாதம் ஒரு மாலைப் பொழுதில், அஸர் தொழுகை முடிந்து கல்முனைக் கடைத்தெரு மீண்டும் கலகலப்படைந்த வேளையில், அப்படியொரு பிழை என் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு உள்ளே வந்தது.

வந்தவர்கள் இருவர். ஒருவர் மருதமுனையில் தறி நெய்யும் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு தாயார். மற்றவள் அவருடைய மகள். சில ஆண்டுகளுக்கு முன்னர் என்னிடம் கணிதம் கற்றவள். இப்போது வயது இருபத்திரண்டு. கேத்திரகணிதத்தில் நான் கரும்பலகையில் ஓர் எழுத்தை மாற்றி இட்டாலும் எழுந்து நின்று பணிவோடு திருத்தக்கூடிய கெட்டிக்காரி. ஆனால் அவளுடைய நடை மட்டும் மற்றப் பிள்ளைகளின் நடையைப் போன்றதன்று. ஒவ்வோர் அடிக்கும் உடல் இடப்பக்கம் சற்றே சாய்ந்து நிமிரும். வகுப்புப் பிள்ளைகள் அவளுக்குத் ‘தாரா’ என்று பட்டப்பெயர் சூட்டியிருந்தார்கள். அப்படி அழைத்த இரண்டொருவரை நான் கண்டித்ததுண்டு. கண்டித்ததோடு என் கடமை தீர்ந்தது என்றும் எண்ணியிருந்தேன். அந்தச் சாய்வுக்குக் காரணம் என்ன என்று ஒரு நாளேனும் கேட்டேனா என்றால், இல்லை. கோணங்களையும் சமநிலையையும் நாள்தோறும் போதித்த நான், என் கண்முன்னே தினமும் நடந்து சென்ற ஒரு கோணத்தைக் காணத் தவறிவிட்டேன். ‘சிலருக்கு நடை அப்படித்தான்’ என்று ஊர் சொன்னதையே நானும் எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

அவள் ஒரு பெரிய உறையிலிருந்து எக்ஸ்-கதிர்ப்படம் ஒன்றை எடுத்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். இடுப்பெலும்பின் படம் அது. இடப்பக்க மூட்டின் மீது இரண்டு கோடுகள் கீறப்பட்டு, அவற்றின் நடுவே 12 பாகை என்று குறிக்கப்பட்டிருந்தது.

“சேர், இது எந்தக் கோணம்?” என்று கேட்டாள்.

தாயாருக்கோ கோணத்தைப் பற்றிய கவலையில்லை. “டொக்டர் சொன்னது எங்களுக்கு விளங்கல்ல சேர். இடுப்பெலும்ப வெட்டித் திருப்பி வைக்கணுமாம். கம்பியூட்டர்ல கணக்குப் பார்த்துத்தான் வெட்டுவாங்களாம். அந்தக் கம்பியூட்டர் பிழைச்சா என்ட பிள்ளைக்கு என்ன நடக்கும்?” என்றார்.

இரண்டும் நியாயமான கேள்விகள். இரண்டுக்கும் அன்று என்னிடம் விடையில்லை. இரண்டு கிழமை தவணை கேட்டுக்கொண்டேன். நான் வைத்தியனல்லன், கணக்கு வாத்தியார். ஆயினும் வைத்தியராக உள்ள பழைய மாணவர் ஒருவரை நச்சரித்தும், அவர் தந்த கட்டுரைகளைப் படித்தும் நான் அறிந்துகொண்டவை அந்தத் தாய்க்கும் மகளுக்கும் மட்டும் உரியவையல்ல என்று தோன்றியதால், இவ்வாரம் அவற்றை வாசகர்கள் முன் வைக்கிறேன்.

சிரட்டையும் பந்தும்

நம் தொடையென்பின் மேல்முனை ஒரு பந்து போல உருண்டையானது. இடுப்பெலும்பில் அந்தப் பந்து அமர்வதற்கென்று கிண்ணம் போன்ற ஒரு குழி இருக்கிறது. பந்தும் குழியும் வழவழப்பான கசியிழையத்தால் போர்த்தப்பட்டவை. நாம் நடப்பதும் குந்துவதும் படியேறுவதும் இந்தப் பந்து அந்தக் குழிக்குள் சுழல்வதனாலேதான்.

நல்ல சிரட்டை ஒன்றை எடுத்து அதற்குள் ஒரு பந்தை வைத்துப் பாருங்கள். எப்படி அசைத்தாலும் பந்து வெளியே வராது. அதே சிரட்டையின் விளிம்பை ஒரு பக்கம் சீவிவிட்டு மறுபடி வையுங்கள். பந்து சீவிய பக்கமாக நழுவப் பார்க்கும். நழுவாவிட்டாலும் எஞ்சியிருக்கும் சிறிய பரப்பின் மீதே முழுப் பாரமும் தங்கும். இடுப்பு மூட்டின் குழி பிறவியிலோ குழந்தைப் பருவ வளர்ச்சியிலோ இவ்வாறு ஆழங்குறைந்து, சரிவாக அமைந்துவிடுவதையே வைத்தியர்கள் இடுப்பு மூட்டு வளர்ச்சிக் குறை என்கிறார்கள். கடுமையான நிலையில் பந்து குழியைவிட்டு முற்றாக விலகியே இருக்கும். மிதமான நிலையில் பந்து குழியில்தான் இருக்கும். ஆனால் கூரை போதாது. என் மாணவியின் நிலை இந்த இரண்டாவது வகை.

படத்தில் இருந்த கோணம் அந்தக் கூரையின் அளவே ஆகும். பந்தின் மையத்திலிருந்து நேர் மேலே ஒரு கோடு கீறுக. அதே மையத்திலிருந்து குழியின் வெளி விளிம்புக்கு இன்னொரு கோடு கீறுக. இரண்டுக்கும் இடைப்பட்ட கோணந்தான் அது. சுவீடன் நாட்டு வைத்தியர் குன்னார் வீபெர்க் என்பவர் 1939 ஆம் ஆண்டில் இந்த அளவை முறையை வெளியிட்டார். வளர்ந்தவர்களுக்கு அது 25 பாகைக்கு மேல் இருந்தால் நன்று. 20 பாகைக்குக் குறைந்தால் குறையுண்டு என்று கொள்வர். இவளுக்கு 12. கூரையின் பாதியை யாரோ பிரித்துக்கொண்டு போன வீடு போல என்று சொன்னேன். அவள் சிரித்தாள்; தாயார் சிரிக்கவில்லை.

ஐம்பது கிலோ எப்படி நூற்றிருபத்தைந்தாகிறது?

ஐம்பது கிலோ நிறையுள்ள ஒருவர் நடக்கும்போது இடுப்பு மூட்டு தாங்குவது ஐம்பது கிலோதான் என்று நான் எண்ணியிருந்தேன். அது தவறு. ஒற்றைக் காலில் நிற்கும் கணத்தில் உடம்பின் பாரம் மூட்டுக்கு ஒரு பக்கம் தொங்குகிறது. உடம்பு அப்பக்கம் சரியாமல், மறுபக்கத்திலுள்ள தசைகள் இழுத்துப் பிடிக்கின்றன. துலாக்கோலை நினைத்துக்கொள்ளுங்கள். தசையின் பக்கத்துக் கை குட்டையானது. ஆகவே பாரத்தைவிடப் பல பங்கு வலுவோடு அது இழுத்தாக வேண்டும். பாரமும் இழுப்பும் சேர்ந்து மூட்டின் மீது விழுகின்றன. ஜேர்மனிய வைத்தியர் ஃபிரெட்ரிக் பாவெல்ஸ் 1930களிலேயே இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டினார். பின்னாளில் பெர்லின் நகரில் கியோர்க் பெர்க்மான் குழுவினர், செயற்கை மூட்டுக்குள்ளேயே நுண்ணிய அளவுகருவிகளை வைத்து, அவை வானொலி அலையில் அனுப்பிய செய்தியைக் கொண்டு நேரடியாகவே அளந்தார்கள். சாதாரண நடையில் மூட்டு தாங்குவது உடல் நிறையின் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. கால் இடறிய ஒரு கணத்தில் அது எட்டு மடங்குவரை போகலாம்.

ஐம்பது கிலோப் பெண்ணின் மூட்டு ஒவ்வோர் அடியிலும் நூற்றிருபத்தைந்து கிலோவைத் தாங்குகிறது என்றால், நாளொன்றுக்குச் சில ஆயிரம் அடி நடப்பவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். நல்ல குழியில் அந்தப் பாரம் பரந்து விழுகிறது. ஆழங்குறைந்த குழியில் விளிம்போரத்துச் சிறு பரப்பில் குவிகிறது. அமுக்கம் என்பது விசையைப் பரப்பால் வகுக்க வருவது என்று ஒன்பதாம் வகுப்பில் படித்திருக்கிறோம். பரப்பு பாதியானால் அமுக்கம் இருமடங்கு. சேற்று வயலில் வெறுங்காலோடு இறங்கினால் முழங்கால்வரை புதைகிறோம். பலகை ஒன்றைப் போட்டு அதன்மேல் நின்றால் புதைவதில்லை. இப்பெண்ணின் கசியிழையம் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பலகையில்லாச் சேறாக இருந்து வந்திருக்கிறது. அது தேய்ந்து போனால் மூட்டுவாதம். நாற்பது வயதுக்குள்ளேயே செயற்கை மூட்டு வைக்க நேரிடலாம். செயற்கை மூட்டும் தேயும் பொருளே. இளவயதில் வைத்தவர் பின்னர் மாற்றிக்கொள்ளவும் வேண்டிவரும்.

அவளுடைய சாய்ந்த நடைக்கும் இந்தத் துலாக்கோலே காரணம். பந்து தன் இடத்தில் சரியாக அமராதபோது, இழுத்துப் பிடிக்கும் தசைகள் தம் வேலையைச் செவ்வனே செய்ய இயலாமல் தளர்கின்றன. அதனால் உடம்பு தன் பாரத்தையே நோயுற்ற பக்கம் சாய்த்துத் தசைக்கு உதவுகிறது. டிரென்டெலன்பேர்க் என்ற ஜேர்மனிய சத்திரசிகிச்சை நிபுணர் 1895 இலேயே இதனை விளக்கி எழுதியிருக்கிறார். ‘தாரா’ என்று பிள்ளைகள் சிரித்தது, ஓர் உடம்பு தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ளச் செய்த சாமர்த்தியத்தைப் பார்த்துத்தான்.

திருப்பி வைக்கும் வித்தை

பாரத்தைக் குறைக்க முடியாது, பரப்பைக் கூட்டலாம். அதற்காகக் குழியையே இடுப்பெலும்பிலிருந்து பிரித்து, பந்தின் மேல் கவிழுமாறு திருப்பி வைத்துவிட்டால் என்ன? கேட்பதற்குப் பயங்கரமான யோசனை. ஆனால் அதைத்தான் செய்கிறார்கள். சிறு பிள்ளைகளுக்குக் கனடா நாட்டு டொரன்டோ நகரில் ரொபர்ட் சோல்ட்டர் வகுத்த முறையொன்று 1961 இல் வெளியாயிற்று. வளர்ச்சி முடிந்த இளைஞர்களுக்கான முறையை சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரில் ரெய்ன்ஹோல்ட் கான்ஸ் என்பவர் 1984 ஆம் ஆண்டில் தொடங்கி, 1988 இல் உலகுக்கு அறிவித்தார். குழியைச் சூழ எலும்பை வெட்டி, அந்தத் துண்டைத் தேவையான பக்கம் திருப்பி, திருகாணிகளால் பொருத்திவிடுகிறார்கள். இதில் ஒரு நுட்பம் உண்டு. இடுப்பெலும்பின் பின்புறத் தூணை வெட்டாமல் விட்டுவிடுகிறார்கள். ஆதலால் வளையம் குலையாது. நோயாளி சில நாட்களிலேயே ஊன்றுகோலோடு எழுந்து நடமாடலாம். பிரசவ வழியும் குறுகிப் போவதில்லை. பின்னாளில் இயல்பாகப் பிள்ளை பெற இந்தச் சிகிச்சை தடையன்று.

கடைசி வாக்கியத்தை நான் சொன்னபோதுதான் அந்தத் தாயார் முதன்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். அதுவரை அவர் வாய்விட்டுக் கேளாத கேள்வி அதுவே என்பது எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்துக் கலியாணம் பேசும் ஊரில், இடுப்பில் ஒரு தழும்பு என்றால் எத்தனை வாய்கள் எத்தனை பேசும் என்பதை நான் அறியாதவனல்லன்.

திரையில் ஓர் ஒத்திகை

எவ்வளவு திருப்ப வேண்டும் என்பதே இச்சிகிச்சையின் உயிர்நாடி. குறைவாகத் திருப்பினால் பயனில்லை. அதிகமாகத் திருப்பினாலோ புதிய துன்பம்: கூரை முன்னுக்கு நீண்டு, காலை மடிக்கும்போது தொடையென்பின் கழுத்தில் இடிக்கத் தொடங்கும். அந்த இடியும் மூட்டைக் கெடுக்கும் என்பதை 2003 இல் எடுத்துரைத்தவரும் இதே கான்ஸ் அவர்களின் குழுவினரே. எக்ஸ்-கதிர்ப்படமோ தட்டையானது. பந்தும் குழியும் முப்பரிமாணத்தில் இருக்க, அவற்றின் நிழலை மட்டும் பார்த்து முடிவெடுப்பது, சுவரில் விழுந்த நிழலைக் கொண்டு ஒருவருக்குச் சட்டை தைப்பதைப் போன்றது.

இங்கேதான் கணனி வருகிறது. பிரித்தானியாவின் கொட்ஃபிரி ஹவுன்ஸ்ஃபீல்ட் அமைத்த சி.ரி. ஸ்கான் கருவி 1971 இல் முதல் நோயாளியைப் படமெடுத்தது. அந்தப் பணிக்காக அவரும் அலன் கோர்மக் என்பவரும் 1979 இல் நோபல் பரிசு பெற்றனர். பாண் இறாத்தலைத் துண்டு துண்டாக வெட்டியது போல உடம்பின் குறுக்குவெட்டுப் படங்களை அக்கருவி தருகிறது. கணனி அத்துண்டுகளில் எலும்பை மட்டும் பிரித்தெடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அந்த நோயாளிக்கே உரிய இடுப்பெலும்பைத் திரையில் உருவாக்கிக் காட்டுகிறது.

பிறகு தொடங்குவது ஒத்திகை. பந்தின் மையத்தைக் கணனி கண்டுபிடிக்கிறது. வைத்தியர் திரையிலேயே குழியை வெட்டுகிறார். வெளிப்பக்கம் ஐந்து பாகை திருப்புகிறார். பத்து பாகை திருப்புகிறார். முன்பக்கம் சற்றுச் சாய்க்கிறார். ஒவ்வொரு நிலையிலும் பந்தின் எவ்வளவு பரப்பு மூடப்படுகிறது, நடக்கும்போது எந்த இடத்தில் எவ்வளவு அமுக்கம் விழுகிறது என்று கணனி கணக்கிடுகிறது. இதற்கு உதவும் ஒரு கணித முறை விமானத் தொழிலில் பிறந்தது. வளைந்த பொருள் ஒன்றில் விசை எப்படிப் பரவுகிறது என்பதை ஒரே சமன்பாட்டில் அடக்க முடியாதபோது, அதனை ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளாகப் பிரித்து, துண்டுக்குத் துண்டு கணக்கிட்டுக் கூட்டும் முறை அது. 1956 இல் போயிங் விமான இறக்கைகளுக்காக அதனை வெளியிட்டார்கள். 1972 இல் எலும்புக்கும் பயன்படுத்தினார்கள். அமெரிக்காவில் பொஸ்ரன் நகர வைத்தியர்கள் மைக்கல் மில்லிஸ், ஸ்டீபன் மர்ஃபி முதலியோர் 1999 இல் மூட்டின் அமுக்கத்தையே அளவுகோலாகக் கொண்டு திருப்பும் கோணத்தைத் திட்டமிடுவது பற்றி எழுதினார்கள். பேர்ண் நகரிலோ, திரையில் போட்ட திட்டத்தைச் சத்திரசிகிச்சை மேசையில் கணனியின் வழிகாட்டலோடு நிறைவேற்றிய முதல் பன்னிரண்டு சிகிச்சைகள் பற்றிய அறிக்கை 1997 இலேயே வெளிவந்துவிட்டது.

ஆகவே அந்தத் தாயாருக்கு நான் சொன்ன விடை இதுதான்: “தங்கச்சி, கம்பியூட்டர் பிழைச்சா என்ன செய்யிறது எண்டு கேட்டீங்க. பிழைகளை எல்லாம் முதலில் அங்கே செய்து பார்க்கத்தான் கம்பியூட்டர். திரையில் பத்துத் தரம் பிழையாக வெட்டலாம். பத்துத் தரமும் அழித்துவிடலாம். எலும்பில் ஒரு தரந்தான் வெட்டலாம்.” நெசவுக் குடும்பத்தவருக்கு இது விளங்காமல் போகுமா? “பாவு ஓட்டுறதுக்கு முந்தி இழைக்கணக்குப் போடுற மாதிரி” என்று அவரே சொன்னார். நான் இரண்டு கிழமை தேடிய உவமை அவர் வாயில் ஆயத்தமாக இருந்தது.

ஆனால் இழைக்கணக்குச் சரியாக இருந்தாலும் நெய்வது கைதான் என்பதையும் சொல்லியாக வேண்டும். சி.ரி. படத்தில் எலும்பு தெளிவாகத் தெரியும். கசியிழையம் அவ்வாறு தெரியாது. அது எங்கும் ஒரே தடிப்பானது என்று எடுத்துக்கொண்டே பல கணக்குகள் போடப்படுகின்றன. தசைகளின் இழுப்பும் பெரும்பாலும் பிறரிடம் அளந்த சராசரியே. படம் எடுப்பது படுத்த நிலையில். எழுந்து நிற்கும்போது இடுப்பெலும்பின் சாய்வு மாறிவிடுகிறது. கணனி தருவது நல்ல மதிப்பீடு, அது தீர்ப்பன்று. தீர்ப்பு வைத்தியருடையது.

பலனையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பேர்ண் நகரில் முதன்முதல் இச்சிகிச்சை பெற்ற 75 மூட்டுகளின் வரலாற்றை அங்குள்ளவர்கள் விடாது தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். இருபது ஆண்டுகளின் பின்னர் பத்தில் ஆறு மூட்டுகள் செயற்கை மூட்டின்றி நிலைத்திருந்தன. முப்பது ஆண்டுகளின் பின்னர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு செயற்கை மூட்டின்றி, தேய்வு கூடாமல், நல்ல நிலையில் இருந்தன. அவை கணனியின் துணை வருவதற்கு முந்திய, வித்தை கைவந்துகொண்டிருந்த காலத்தவை. வயது ஏறிய பின்னரும் தேய்வு தொடங்கிய பின்னரும் வந்தவர்களுக்கே பலன் குறைவாக இருந்தது. காலந்தாழ்த்தாமல் வருவதே பாதிச் சிகிச்சை என்பது இதிலிருந்து தெளிவு.

கணனிக்கு நாம் சொல்ல வேண்டியது

இவ்வளவும் கேட்டிருந்த மாணவி ஒரு கேள்வி கேட்டாள். அதுவே இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது என்றாலும் மிகையாகாது.

“சேர், இப்ப நோவு கூடினா நான் நாற்காலியில இருந்துதான் தொழுறன். அதுக்கு மார்க்கத்தில இடமிருக்கு. ஆனா எனக்கு ஸுஜூது செய்து தரையில நெற்றி வைக்கணும். குழியத் திருப்பின பிறகு அது ஏலுமா எண்டு கம்பியூட்டரில பார்க்கலாமா?”

பார்க்கலாம். திரையில் குழியைத் திருப்புவது போலவே தொடையையும் மடக்கிப் பார்க்கலாம். எந்த அளவு மடிக்கும்போது எலும்பும் எலும்பும் இடிக்கின்றன என்று கணனி காட்டும். கூரையின் அளவையும் மூட்டு அசையும் எல்லையையும் ஒருங்கே பார்த்துத் திட்டமிடும் முறையொன்றை பேர்ண் ஆய்வாளர்கள் 2014 இல் வெளியிட்டிருக்கிறார்கள். ஆனால் எவ்வளவு மடங்க வேண்டும் என்பதைக் கணனி தானாக அறியாது. நாற்காலியில் உண்டு, நாற்காலியில் வேலை செய்து, நாற்காலியில் ஓய்வெடுக்கும் மக்களுக்குப் போதிய அளவு நமக்குப் போதாது. நாம் சம்மணமிட்டு உண்கிறோம். குந்தியிருந்து துணி துவைக்கிறோம். குழித்தறியில் கால் தொங்கவிட்டு மிதி மிதிக்கிறோம். கோயிலில் விழுந்து வணங்குகிறவர்களும் பள்ளிவாசலில் நெற்றி நிலத்தில் பதிப்பவர்களும் தொடை வயிற்றோடு சேருமளவு மடங்கியாக வேண்டும். இவற்றை வைத்தியரிடம் வாய்திறந்து சொல்ல வேண்டியவர் நோயாளியே. “இந்தக் கேள்வியைக் கடதாசியில் எழுதிக்கொண்டு போய், படம் எடுப்பதற்கு முன்னரே நிபுணரிடம் கொடு” என்று சொல்லி அனுப்பினேன். கூரையையும் அசைவையும் ஒரே நேரத்தில் முழுமையாகப் பெற இயலாமலும் போகலாம். எதற்கு எதை விட்டுக்கொடுப்பது என்ற பேரத்தில் அவளுடைய குரலும் இருக்க வேண்டும் அல்லவா?

தொட்டிலில் தொடங்கும் கணக்கு

போகும்போது தாயார் படலையருகே நின்று, “நான் ஏதும் பிழை செய்திட்டேனா சேர்?” என்று தாழ்ந்த குரலில் கேட்டார். இல்லை என்றேன், உண்மையும் அதுவே. குழந்தைப் பருவத்தில் எந்த அறிகுறியும் காட்டாமல் வாலிபத்தில் வெளிப்படும் குழிக் குறைகள் பல. ஆயினும் சில குழந்தைகளிடம் முன்கூட்டியே காணலாம். கண்டால் கத்தியின்றியே தீர்க்கலாம். ஆகவே வீட்டில் பச்சைக் குழந்தை உள்ள சகோதரிகள் இப்பகுதியைச் சற்று நின்று படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இக்குறையுள்ள குழந்தைகளில் ஐந்தில் நான்கு பேர் பெண் குழந்தைகள். தலைச்சன் பிள்ளை, வயிற்றில் கால்மாறி இருந்த பிள்ளை, குடும்பத்தில் முன்னரே இக்குறை கண்ட வீட்டுப் பிள்ளை ஆகியோரிடம் கூடுதலாகக் காணப்படும். இத்தாலிய வைத்தியர் ஓர்ட்டொலானி 1937 இலும் ஆங்கில வைத்தியர் பார்லோ 1962 இலும் விவரித்த கைப்பரீட்சைகளால், பிறந்த சில நாட்களிலேயே பந்து நழுவுகிறதா என்று அறியலாம். ஒஸ்திரியாவின் கிராஃப் 1980 முதல் காட்டிய வழியில் ஒலியலைப் படமும் எடுக்கலாம். குழந்தை ஆறு மாதத்துக்குள் இருக்கும்போது கண்டால், செக் நாட்டு வைத்தியர் பாவ்லிக் 1944 இல் கொண்டுவந்த மென்மையான வார்ப்பட்டையைச் சில கிழமைகள் அணிவித்தே பெரும்பாலும் குணப்படுத்தலாம். கால்களை மடித்து அகலவிட்டு வைத்திருப்பதுதான் அந்தப் பட்டையின் முழு இரகசியம். பந்து குழியின் நடுவே அழுந்த, குழி தானாகவே ஆழமாக வளர்கிறது.

இதில் நம் பாட்டிமாருக்கு ஒரு பாராட்டும் ஒரு வேண்டுகோளும் உண்டு. பிள்ளையை ஒக்கலையில் வைத்து, அதன் கால்கள் இருபுறமும் அகன்றிருக்கத் தூக்கிக்கொண்டு திரியும் வழக்கம் இடுப்பு மூட்டுக்கு மிக உகந்தது. ஆனால் குளிப்பாட்டும்போது கால்களைச் சேர்த்து இழுத்து நீவி நேராக்குவதும், பிறகு கால்களை நீட்டித் துணியால் இறுகச் சுற்றி ஏணையில் இடுவதும் கூடா. யப்பானில் 1970களில் இறுகச் சுற்றும் பழக்கத்தையும் கால்களை நீட்டி வைக்கும் அணையாடையையும் கைவிடுமாறு நாடெங்கும் பிரசாரம் செய்தார்கள். மூட்டு விலகிய குழந்தைகளின் தொகை பத்தில் ஒரு பங்கு அளவுக்கு வீழ்ந்தது. சுற்ற வேண்டுமானால் கைகளைச் சுற்றுங்கள். இடுப்புக்குக் கீழே குழந்தை தவளை போல் உதைத்து விளையாட இடம் விடுங்கள்.

அணையாடை மாற்றும்போது ஒரு தொடை மற்றத் தொடையளவு அகலாவிட்டால், ஒரு கால் குட்டையாகத் தோன்றினால், நடக்கத் தொடங்கிய பிள்ளை ஒரு பக்கம் சாய்ந்து நடந்தால், வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் உடனே சொல்லுங்கள். குழந்தைகளின் வீடு தேடி வரும் அத்தகைய உத்தியோகத்தர்களும், கட்டணமின்றிப் பார்க்கும் அரசாங்க வைத்தியசாலைகளும் நம் நாட்டின் பெருஞ்செல்வம். ‘நடை சரியாகிவிடும், பெண் பிள்ளை, நாலு பேருக்குத் தெரிய வேண்டாம்’ என்று மூடி வைப்பதால் குழி ஆழமாகப் போவதில்லை.

என் மாணவிக்கு அடுத்த மாதம் கொழும்பில் சி.ரி. படம் எடுக்க நாள் குறித்திருக்கிறார்கள். சிகிச்சை செய்வதா, எப்போது செய்வதா என்பது அதன் பின்னரே முடிவாகும். “மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் என்ன சொல்வது?” என்று தாயார் கேட்டபோது, “கோணம் பன்னிரண்டு எண்டு சொல்லுங்க உம்மா, விளங்கிற ஆள் வரட்டும்” என்று அவள் சொன்னாளாம். சுஜூது பற்றிய கேள்வியை எழுதிய கடதாசி அவளுடைய படத்தின் உறைக்குள்ளேயே இருக்கிறது.

நானும் ஒரு புதிய பழக்கத்தைக் கைக்கொண்டிருக்கிறேன். காலையில் பிள்ளைகள் பாடசாலை வாயிலால் உள்ளே வரும்போது, சீருடையைப் பார்ப்பதற்கு முன்னர் நடையைப் பார்க்கிறேன். சென்ற திங்கட்கிழமை ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி புத்தகப்பையைச் சுமந்துகொண்டு, ஒவ்வோர் அடிக்கும் சற்றே வலப்பக்கம் சாய்ந்து நிமிர்ந்து வந்தாள். பையின் பாரமாகவும் இருக்கலாம். பையை இறக்கி வைத்துவிட்டு நடந்து காட்டச் சொன்னேன். பிறகு அவளுடைய தந்தையாரை வந்து பார்க்கும்படி ஒரு துண்டு எழுதிக் கொடுத்தேன். நாளை அவர் வருகிறார்.